தீட்டுப்படாத கடவுள்

சேரியில் ஒருவர் சாகக் கிடக்கிறார். அவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வரும் சுவாமியார் அந்தக் குடிசைக்குள் நுழையலாமா, கூடாதா? 1704-ம் ஆண்டு புதுச்சேரியில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. எழுதியவர் பாப்பரசர் 11-ம் கிளமெண்டின் தூதராக வந்திருந்த மயார் தெ தூர்னோன். மதுரை மிஷனின் இயேசு சபைக் குருக்கள் தமிழர் வழக்கங்களுக்கு இடம் கொடுத்து நடத்திவந்த 16 காரியங்களை அவர் ஜூன் 23 தேதியிட்ட ஆணையில் கண்டித்தார். தாலியின் வடிவம், கல்யாணச் சடங்குகள், நெற்றியில் பூசும் சாம்பல் என்று பலவும் அதில் உண்டு. அவற்றில் மூன்று விதிகளை நான் தனியாக எடுத்துப் பார்க்கிறேன். ஞானஸ்நானத்தில் குரு தம் எச்சிலால் காதையும் மூக்கையும் தொடும் ரோமச் சடங்கை விடக் கூடாது. மாதவிடாயைக் காரணம் காட்டிப் பெண்களைத் திருவருட்சாதனங்களிலிருந்து விலக்கக் கூடாது. பறையர் என்பதற்காக நோயாளியின் வீட்டுக்குள் போக மறுக்கக் கூடாது. எச்சில், தூமை, சேரி: மூன்றும் தீட்டைப் பற்றியவை. கடவுள் பரிசுத்தர் என்று அறிக்கையிடும் ஒரு சமயம், தீட்டு என்ற ஒன்றை ஒப்புக்கொள்ள முடியுமா என்பதுதான் அவற்றின் அடியில் கிடந்த கேள்வி.

இது புதுக்கோட்டைச் சீமைக்கு நேரடியாக உரிய கேள்வி. விராலிமலைப் பக்கம் ஆவூரில் இருக்கும் பெரியநாயகி மாதா கோயில் மதுரை மிஷனின் பழைய தலங்களில் ஒன்று. 17-ம் நூற்றாண்டின் கடைசியில், தொண்டைமான் ஆட்சியின் தொடக்கக் காலத்தில், அங்கே கோயில் கட்டியவர் வெனான்ஸ் புஷே என்ற பிரெஞ்சுக் குரு. வீரமாமுனிவரும் பிறகு அங்கே இருந்து ஊழியம் செய்திருக்கிறார். இப்போது நிற்கும் கோயில் 1747-ல் எழுந்தது. ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்காவும் தேரும் இன்றும் நடக்கின்றன. இந்தப் புஷேதான் தூர்னோனின் ஆணையை எதிர்த்து முறையிட, பிரான்சிஸ்கோ லாய்னஸ் என்ற இன்னொரு குருவோடு ரோமுக்குக் கப்பலேறியவர். அவருடைய தரப்பை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. தூர்னோன் தமிழ் அறியாதவர். புதுச்சேரியில் இருந்ததே எட்டு மாதம், அதிலும் பெரும்பகுதி நோயாய்க் கிடந்தார். புஷே இந்த மண்ணில் காவியுடுத்தி, புலால் தவிர்த்து, மக்களோடு வாழ்ந்தவர். சேரிக்குள் வெளிப்படையாகப் போய்வரும் குருவை மற்றச் சாதியார் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய சபை ஒரே மாதத்தில் கலைந்துபோகும் என்பது மிஷன் குருக்கள் பட்டறிந்த நிலைமை. அதனால் நோயாளியைக் குடிசையிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவரச் செய்து அருட்சாதனம் கொடுத்தார்கள்.

வாதம் நடைமுறை சார்ந்தது; அதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அந்த வழக்கம் கிறிஸ்தவர்கள் கடவுளைப் பற்றிச் சொல்லும் முதல் வாக்கியத்தையே மறுத்தது என்று நான் நினைக்கிறேன். அந்த வாக்கியம், கடவுள் மட்டுமே பரிசுத்தர் என்பது. கத்தோலிக்கர் பெரும்பாலான ஞாயிறுகளில் திருப்பலியில் பாடும் உன்னதங்களிலே கீதத்தில் இது அப்படியே வருகிறது. நீர் ஒருவரே பரிசுத்தர் என்ற பொருளில் சபை முழுவதும் சேர்ந்து பாடுகிறது. பரிசுத்தமும் தனித்தன்மையும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. கடவுள் மட்டுமே பரிசுத்தர் என்றால், பிறப்பாலோ தொழிலாலோ உடம்பாலோ எந்த மனிதனுக்கும் சொந்தமான பரிசுத்தம் என்று ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் அவரிடமிருந்து பெற்றது. பெற்றதை யாரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியதில்லை, பெறாதவன் தொட்டால் கெட்டுப்போகும் என்றும் அஞ்ச வேண்டியதில்லை. விவிலியத்தில் இந்த இணைப்பைத் தெளிவாகக் கண்டவர் அன்னாள். பிள்ளையில்லாமல் சக்களத்தியின் ஏச்சுக்கு ஆளாகி, ஆலயத்தில் வாயசைத்து வேண்டியபோது குடிகாரி என்று குருவிடமே பெயர் வாங்கிய பெண் அவர். சாமுவேலைப் பெற்றபின் அவர் செய்த வேண்டுதலில், ஆண்டவரைப் போலப் பரிசுத்தர் வேறு யாருமில்லை என்று தொடங்கி, சில வரிகளிலேயே, அவர் எளியவனைப் புழுதியிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் எடுத்துப் பிரபுக்களோடு உட்கார வைக்கிறார் என்று போகிறார். நடுவில் விளக்கம் ஏதும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றது தானாகப் பிறக்கிறது என்றே அன்னாள் எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு வலுவான மறுப்பு விவிலியத்துக்குள்ளேயே இருக்கிறது. லேவியர் ஆகமம் தீட்டுச் சட்டங்களால் நிறைந்தது. பிணம், தொழுநோய், உதிரம், பிரசவம் எல்லாவற்றுக்கும் அங்கே விலக்கு உண்டு. மகா பரிசுத்த இடத்துக்குள் ஆண்டுக்கு ஒருமுறை தலைமைக் குரு மட்டும் போகலாம். சரியப்போன உடன்படிக்கைப் பெட்டியைத் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டிய ஊசா அங்கேயே விழுந்து செத்தான். இவையெல்லாவற்றையும்விடக் கூர்மையான சாட்சி ஆகாய் தீர்க்கதரிசியின் சின்னப் புத்தகம். ஆகாய் குருக்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறார். ஒருவன் தன் துணி மடிப்பில் பலி இறைச்சியைக் கொண்டுபோகிறான். அந்தத் துணி அப்பத்திலோ எண்ணெயிலோ பட்டால் அது பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டானவன் அவற்றைத் தொட்டால் தீட்டாகுமா? ஆகும் என்கிறார்கள். ஆக, தீட்டு பரவும், பரிசுத்தம் பரவாது. உலகில் தீட்டு பார்க்கும் எந்தச் சமூகமும் மறுக்காத தர்க்கம் இது. நம் ஊரிலும் குளித்து மடி உடுத்தியவர்தான் ஒதுங்கி நடப்பார், தெருவில் போகிறவர் ஒதுங்க வேண்டிய அவசியமில்லை. கெட்டுப்போவது எப்போதும் தூய்மையின் பக்கம்தான். ஆகாய் சொன்னது சரியென்றால் குருக்கள் குடிசைக்கு வெளியே நின்றதும் சரிதான்.

நற்செய்திகளை இந்தப் பின்னணியில் வைத்துப் படித்தால்தான் அவற்றில் நடப்பது என்னவென்று விளங்குகிறது. மாற்கு முதல் அதிகாரத்தில் ஒரு தொழுநோயாளி இயேசுவிடம் வருகிறான். மோசேயின் சட்டப்படி அவன் கிழிந்த ஆடையோடு, தான் தீட்டானவன் என்று கூவிக்கொண்டு பாளையத்துக்கு வெளியே வாழ வேண்டியவன். இயேசு அவனைச் சொல்லால் குணமாக்கியிருக்கலாம். நூற்றுவர் தலைவனின் வேலைக்காரனை அப்படித்தான், முகத்தைக்கூடப் பார்க்காமல், குணமாக்கினார். இங்கே கையை நீட்டித் தொடுகிறார். நோய் நீங்கியது தொட்டபிறகு. தொட்ட அந்தக் கணத்தில் அவன் இன்னும் தொழுநோயாளிதான். ஆகாயின் கணக்குப்படி இயேசு தீட்டுப்பட வேண்டும், அவன் சுத்தமாகிறான். ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் வருந்திய பெண் கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வந்து அவர் ஆடையைத் தொடுகிறாள். நடுங்கிக்கொண்டு வந்து விழுந்தவளை அவர் மகளே என்று அழைக்கிறார். போய்ச் சுத்திகரிப்புச் சடங்கு செய் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அங்கிருந்து நேராக யாயீர் வீட்டுக்குப் போய், செத்துக் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையைப் பிடிக்கிறார். தொழுநோய், உதிரம், பிணம் என்று லேவியர் ஆகமம் விலக்கிய மூன்றும் ஐந்து அதிகாரத்துக்குள் வந்துவிடுகின்றன. துணி மடிப்பில் கிடந்த பலி இறைச்சியால் செய்ய முடியாததை இவர் ஆடையின் ஓரம் செய்கிறது. பழைய ஏற்பாட்டிலேயே இதற்கான வழி திறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: எசேக்கியேல் கண்ட காட்சியில் ஆலய வாசற்படியின் கீழிருந்து புறப்படும் தண்ணீர் உப்புக்கடலைச் சேர்ந்ததும், ஆறு உப்பாவதற்குப் பதில் கடல் நல்ல தண்ணீராகிறது.

அப்படியானால் ஊசாவின் சாவும் மகா பரிசுத்த இடத்தை மறைத்த திரைச்சீலையும் எதற்கு? இஸ்ராயேலுக்கு அந்த விலக்குகள் கற்றுக்கொடுத்த பாடம், கடவுள் நம் கைக்கு அடங்குகிறவர் இல்லை என்பது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போருக்குப் போனால் ஜெயம் நிச்சயம் என்று நினைத்த படை தோற்றதும், பெட்டியே பிடிபட்டதும் அதே சாமுவேல் ஆகமத்தில்தான் எழுதியிருக்கிறது. கடவுளை நாம் நெருங்கிப்போய்ப் பிடித்துவிட முடியாது. ஆனால் அவர் நெருங்கி வருவதைத் தடுக்கவும் நம்மால் முடியாது. திருமயம், அன்னவாசல் வட்டாரத்துக்காரர்களுக்குச் சித்தன்னவாசல் மலை தெரியும். ஏழடிப்பட்டம் என்ற குகையில் சமணத் துறவிகள் வழுவழுப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கக் கல்லிலேயே சற்று உயர்த்திய திண்டு. அதில் படுத்து, உண்ணாநோன்பிருந்து, ஆசைகளை ஒவ்வொன்றாக அறுத்துத் தூய்மையை நோக்கி ஏறியவர்கள் என் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் அது மனிதன் ஏறும் பாதை. ஏறியவன், ஏறாதவன் என்ற வேறுபாடு அங்கே தவிர்க்க முடியாதது. அந்த வேறுபாடு தவத்தால் வந்தது, பிறப்பால் வந்ததல்ல என்பது சமணத்தின் பெருமை. கிறிஸ்தவம் சொல்வது வேறு: உச்சி ஒருவருக்கே உரியது, ஆகவே படிகள் கிடையாது, அவரே இறங்கி வருகிறார்.

ஒரே கடவுள் என்ற கொள்கைமேல் இன்றைய வாசகர் வைக்கும் குற்றச்சாட்டு வேறு மாதிரியானது. பல தெய்வங்களை ஏற்றவர்கள் பிறரோடு இணங்கி வாழ்ந்தார்கள், ஒரு தெய்வம் என்றவர்கள் வாள் எடுத்தார்கள் என்கிறார்கள். கோவாவின் விசாரணை மன்றத்தை நினைத்தால் இதற்கு மேலோட்டமாகப் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மன்றம் பிழைத்த இடம் எது? ஒரே கடவுளை அது தன் உடைமை என்று நினைத்தது. ஆமோஸ் தீர்க்கதரிசி இதையேதான் இஸ்ராயேலிடம் சாடினார்: உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்ததுபோலப் பிலிஸ்தியரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தவர் அவரே என்று. எதிரியின் விடுதலைக்கும் அவரே கடவுள். யோபு இன்னும் ஒரு படி போகிறார். தம் வேலைக்காரனின் வழக்கைத் தள்ளியிருந்தால் கடவுளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டு, தம்மையும் அவனையும் கருப்பையில் உருவாக்கியவர் ஒருவர்தானே என்கிறார். நம் திருமூலரும் குலத்தையும் தெய்வத்தையும் சேர்த்தே ஒன்று என்றார். ஒருமை என்பது பிறரை வெளியே தள்ளும் வேலியாவது, அதை யாரோ ஒருவர் தம் பட்டாவில் சேர்த்துக்கொள்ளும்போதுதான்.

திருமயம் பக்கத்துக் காட்டுபாவா பள்ளிவாசலில் தொழுகிறவர் வேறொரு திசையிலிருந்து கேட்பார்: தந்தை, மகன், பரிசுத்த ஆவி என்று சொல்லிவிட்டு ஒருவரே என்பது எப்படி? இதைத் திருச்சபைக்குள் முதலில் பெரிய அளவில் கிளப்பியவர் ஆரியுஸ். கடவுளின் ஒருமையைக் காப்பாற்ற, மகன் படைக்கப்பட்டவர், தந்தைக்குக் குறைந்தவர் என்றார். 325-ல் நிக்கேயாவில் கூடிய சங்கம் அதை மறுத்தது. ஒருமையைக் கைவிட்டதால் மறுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள்; நடந்தது நேர்மாறு. கடவுளுக்குக் கீழே, மனிதருக்கு மேலே, ஆராதனைக்குரிய ஒரு நடுத்தரத் தெய்வத்தை வைத்தால் அங்கேதான் ஒருமை உடைகிறது. பரிசுத்தத்தில் தரவரிசை நுழைகிறது. தொழுநோயாளியைத் தொட்ட கை கடவுளுக்கு அடுத்தபடியில் இருந்த ஓர் ஏவலருடையது என்றால், கடவுள் இன்னும் தொடவில்லை என்றே ஆகும். நிக்கேயாவின் வரையறை இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. ஆவூர் மாதாவின் தேரைப் பார்த்துப் புராட்டஸ்டண்ட் சகோதரர்கள் எழுப்பும் கேள்வியும் இங்கே வந்து சேரும். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, புனிதர்களுக்கு வணக்கம் மட்டுமே என்று 787-ல் இரண்டாம் நிக்கேயாச் சங்கம் கோடு போட்டது. தேர்வடம் பிடிக்கும் கூட்டத்தில் அந்தக் கோடு எல்லார் மனத்திலும் இருக்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி. மரியாளே அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். எலிசபெத்தின் வீட்டில் அவர் பாடியது அன்னாளின் வேண்டுதலை ஒட்டியே போகிறது: அவருடைய நாமம் பரிசுத்தமானது என்கிறார், பிறகு வலியோர் அரியணையிலிருந்து இறங்குகிறார்கள், தாழ்ந்தோர் உயர்கிறார்கள். தம்மை அடிமை என்று சொல்லிக்கொண்டவரைப் பெரியநாயகி என்று அழைக்கிறவர்கள், அந்தப் பாட்டையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

இனிப் புஷேயின் வழக்குக்கு வரலாம். எச்சில் விஷயத்தில் மிஷனரிகள் பக்கமே நிற்கிறேன். இயேசு காது கேளாதவனை உமிழ்நீரால் தொட்டார் என்பதற்காக, எச்சிலை அருவருக்கும் மக்களின் காதிலும் மூக்கிலும் அதைத் திணிப்பது பக்தி ஆகாது. அந்தச் சடங்கை விட்டதால் யாரும் எதையும் இழக்கவில்லை. தாலிக்கும் நெற்றிச் சாம்பலுக்கும் இதே நியாயம் பொருந்தும். குடிசை விஷயம் அப்படியில்லை. அங்கே வழக்கத்துக்கு விலை கொடுத்தவர் சாகக் கிடந்தவர். தூக்கி வெளியே கொண்டுவரப்பட்ட அந்த உடம்புக்கு, அதன் நாவில் வைக்கப்பட்ட அதே நற்கருணை, நீ இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லியது. நடைமுறைக்கு இடம் கொடுப்பதற்கும் கடவுளைப் பற்றிப் பொய் சொல்வதற்கும் நடுவே எல்லை இருக்கிறது. அந்த இடத்தில் எல்லை தாண்டப்பட்டது. 1744-ல் 14-ம் பெனெடிக்ட் இந்தத் தகராறை முடித்துவைத்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குகிறோம் என்ற இயேசு சபையின் யோசனையை அவர் ஏற்றுக்கொண்டார். சேரிக்குள் குரு போனார், சரி. ஆனால் தீட்டு குடிசை வாசலிலிருந்து எழுந்து குருக்களின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆவூரில் புதிய கோயில் எழுந்தது அதற்கு மூன்றாவது ஆண்டு.

புராட்டஸ்டண்டுகளின் கதை வேறாக இல்லை. 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை உடனே விட வேண்டும் என்று எழுதியபோது தஞ்சையிலும் திருச்சியிலும் பெருங்குழப்பம் மூண்டது. வேதநாயக சாஸ்திரியாரைப் போன்ற பக்திமான்களே எதிர்த்து நின்றார்கள். கத்தோலிக்கர் பக்கம், நெல்லை வடக்கன்குளத்தில் இரு சாதியாருக்கு இரு கூடமாகக் கட்டிய கோயிலில் இடைச்சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்துவைத்த சுவருக்கு எதிரான போராட்டம் நம் காலத்துச் செய்தி. இவற்றைச் சமூகக் குறைபாடு என்று திருச்சபைகள் வழக்கமாகச் சொல்கின்றன. அந்தச் சொல் போதாது. பிறப்பால் வரும் தூய்மை ஒன்று உண்டு என்று நம்புகிறவன், பரிசுத்தத்துக்கு இன்னொரு ஊற்றை ஏற்படுத்துகிறான். அது கடவுளின் தனித்தன்மையை மறுப்பது. விக்கிரக வணக்கம் என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லும் குற்றம் அதுவே. ஆரியுஸைக் கண்டித்ததைவிடக் கடுமையாகச் சங்கங்கள் இதைக் கண்டித்திருக்க வேண்டும்.

2022 டிசம்பர் 26-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது வெளியே வந்தது. குழந்தைகள் நோயுற்றபிறகே தெரிந்தது. விசாரிக்கப் போன ஆட்சியரிடம், டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் அய்யனார் கோயிலுக்குள் தாங்கள் போக முடியாததையும் மக்கள் சொன்னார்கள். செய்தது யார் என்பது நீதிமன்றத்துக்கு உரிய விஷயம். தொட்டால் தீட்டு என்ற எண்ணம் எங்கே போய் முடியும் என்பது நம் எல்லாருக்கும் உரிய விஷயம். தன் தூய்மையைக் காக்க அடுத்தவனை அசுத்தத்தில் நிறுத்திவைப்பது அந்த எண்ணத்தின் இயல்பு. இந்து ஊர், கிறிஸ்தவ ஊர் என்ற பேதம் இதற்குக் கிடையாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கடவுளின் பரிசுத்தத்தைச் சமத்துவப் பிரச்சாரமாகச் சுருக்கிவிட்டீர்களே என்று ஒருவர் வருந்தலாம். 1917-ல் ருடால்ஃப் ஓட்டோ எழுதிய புத்தகம் இந்த வருத்தத்துக்கு இலக்கணம் வகுத்தது: பரிசுத்தம் என்பது அறத்துக்கு முந்தியது, நடுங்கவைப்பது, ஈர்ப்பது, முற்றிலும் வேறானது என்றார். மறுக்கவில்லை. அந்த நடுக்கம் இல்லாமல் சமத்துவம் பேசினால் அது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் மட்டுமே. பலசாலி நினைத்தால் முறித்துவிடுவான். ஆனால் ஓட்டோ பெரிதும் எடுத்தாண்ட எசாயாவின் காட்சியை முடிவுவரை படிக்க வேண்டும். ஆலயம் புகையால் நிறைகிறது, நிலைகள் ஆடுகின்றன, சேராபீன்கள் மூன்று முறை பரிசுத்தர் என்று கூவுகிறார்கள். எசாயா, அசுத்த உதடுள்ள நான் செத்தேன் என்கிறார். அடுத்து நடப்பது, பீடத்து நெருப்புத்தணல் அவர் வாயையே தேடி வந்து தொடுவது. அதே புத்தகத்தின் 57-ம் அதிகாரத்தில் உன்னதரும் பரிசுத்தரும் ஆனவர் தம் முகவரியைச் சொல்கிறார்: உயர்ந்த பரிசுத்த இடத்தில் வாழ்கிறேன், நொறுக்கப்பட்டவனோடும் வாழ்கிறேன் என்று. இரண்டு முகவரியும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. முதலாவதைத் தேடிப் போகிறவர் இரண்டாவது வீட்டின் கதவைத் தட்டாமல் திரும்பினால், அவர் தேடியவரை இன்னும் பார்க்கவில்லை.